சொட்டு அக்கா கழுவிவிட்ட சவ்வு

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, அதன் உட்கருவைச் சுற்றியிருந்த சவ்வு எங்கே போகிறது? என் பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வந்த கேள்வி இது. 'மறைந்துவிடுகிறது' என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவியதில் ஒரு மதிப்பெண் போனது. மறைந்து எங்கே போகும், போகும்போது எதை விட்டுவிட்டுப் போகும், விடாமல் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்றெல்லாம் அன்று யோசிக்கவே தோன்றவில்லை. சொட்டு அக்காவின் கதையைக் கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

சொட்டு அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. பெரிய ஆராய்ச்சிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில், கதவில் 'செல் வளர்ப்பு' என்று ஒட்டியிருக்கும் அறையில் வேலை. சேர்ந்தபோது அவர் வெறும் கண்ணாடி கழுவுகிறவர். பத்தொன்பது வயது, பள்ளிப் படிப்போடு சரி. குடுவை, குழாய், தட்டு என்று காலையிலிருந்து மாலைவரை கழுவிக் கழுவிக் கை வெளுத்துப்போயிருந்த ஒரு நாளில், குரோமோசோம் தயாரிக்கும் டெக்னீஷியன் காய்ச்சல் என்று வரவில்லை. "நீதான் ஒரு சொட்டு விட்டுப் பாரேன்" என்று யாரோ சும்மா சொன்னார்கள். அவரும் சும்மாதான் விட்டார். அன்று விழுந்த அந்தச் சொட்டு அவரைக் கழுவும் தொட்டியிலிருந்து தூக்கி மேஜையில் உட்கார வைத்துவிட்டது.

அந்த வேலை இப்படி. செல்கள் ஒரு வட்டத் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வளரும். பிரிவதற்குத் தயாராகும் செல் மட்டும் உருண்டையாகித் தட்டை லேசாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு மருந்து கொடுத்து அவற்றைப் பாதிப் பிரிவில் நிறுத்திவிட்டு, தட்டின் விளிம்பை உள்ளங்கையில் இரண்டு முறை தட்டினால் உருண்டைகள் மட்டும் உதிர்ந்து வரும். அவற்றை உப்புக் குறைந்த தண்ணீரில் ஊறவிட்டால் பலூன் மாதிரி உப்பும். பிறகு மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் மூன்று முறை கழுவ வேண்டும். கடைசியில் அந்தக் கலங்கலைச் சன்னமான குழாயில் எடுத்து, ஒரு முழ உயரத்திலிருந்து ஈரமான கண்ணாடித் துண்டின்மேல் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். விழுந்த வேகத்தில் செல் விரிந்து, உள்ளே இருக்கும் குரோமோசோம்கள் ஒன்றை ஒன்று தொடாமல் கையைக் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

சொல்வது சுலபம். காற்று காய்ந்திருந்தால் விரியாது. ஈரம் கூடினால் ஆளுக்கொரு திசையில் ஓடிவிடும். சொட்டு அக்கா கண்ணாடித் துண்டை வாய்க்கு அருகே கொண்டுபோய் "ஹா" என்று ஒரு மூச்சு விடுவார். படர்ந்த ஆவியை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்பார். போதாது என்று பட்டால் இன்னொரு அரை மூச்சு. அப்புறம்தான் சொட்டு. அவர் தயாரித்த ஸ்லைடுகளின் படங்கள் மாடிப்படி ஓரத்தில் நான்கு சட்டங்களில் தொங்குகின்றன. விருந்தினர் யாராவது வந்தால் முதலில் அங்கேதான் நிறுத்துவார்கள்.

சொட்டு அக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவருடைய கணவருக்குத் தலையில் முடி குறைந்த பிறகு அந்தப் பெயரை வைத்து வீட்டில் அவருடைய மகள் செய்யும் கேலியை இங்கே எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார்.

அறையில் சொட்டு அக்காவுக்குப் பக்கத்து மேஜை 'கட்டம்' என்பவருடையது. முப்பத்தொரு வயது ஆராய்ச்சியாளர். வாரம் ஏழு நாளும் கட்டம் போட்ட சட்டை. வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருந்ததால் பாதிக் கண் எப்போதும் மூடியேதான் இருக்கும். இரண்டு வருடமாக அவர் ஒரே ஒரு புரதத்தின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். அதற்கு எண்ணும் எழுத்துமாக ஒரு நீளமான பெயர் உண்டு. அறையில் எல்லாரும் அதைக் கொக்கி என்றே கூப்பிட்டார்கள்.

"உட்கருவைச் சுத்தி ஒரு சவ்வு இருக்குல்லக்கா, அதோட உள்பக்கத்துல இந்த மாதிரி புரதங்க நிறைய மாட்டியிருக்கும்" என்று கட்டம் ஸ்லைடு கேட்டு வந்த முதல் நாளே விளக்கியிருந்தார். "ஒரு முனை சவ்வுல, இன்னொரு முனை குரோமோசோமைப் பிடிச்சிருக்கும். எந்தக் குரோமோசோம் எங்க இருக்கணும்னு ஓரளவுக்கு இதுங்கதான் பார்த்துக்குது. செல் பிரியுற நேரம் வந்தா இதுங்க மேல பாஸ்பேட்னு ஒரு சின்ன பொருள் வந்து ஒட்டும். ஒட்டினதும் கொக்கி பிடியை விட்டுடும். சவ்வு கழண்டு போய், செல்லோட ஓரத்துல இருக்கிற சவ்வு வலையோட கலந்துடும். பிரிஞ்சு முடிச்சதும் பாஸ்பேட் போயிடும், கொக்கி மறுபடி வந்து பிடிக்கும், ரெண்டு உட்கருவுக்கும் புதுசா சவ்வு கூடும்."

"வீட்டைக் காலி பண்ணுறதுக்கு முன்னாடி அலமாரியைச் சுவத்துலேர்ந்து கழட்டுற மாதிரி" என்றார் சொட்டு அக்கா. அவருடைய கணவருக்கு வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில். ஒரு வேனும் இரண்டு ஆட்களும் உண்டு.

"அதேதான். நான் என்ன பண்ணியிருக்கேன்னா, பாஸ்பேட் ஒட்டவே முடியாதபடி கொக்கியை மாத்திட்டேன். இப்ப அது பிடியை விடாது. சவ்வு ஒட்டிக்கிட்டே இருந்தா குரோமோசோமோட உருவம் கெடணும். மடங்கணும், பருக்கணும், சிக்கணும். அதைத்தான் நீங்க எனக்கு எடுத்துக் காட்டணும்."

"கெடுறதா இருந்தா என் சொட்டுல தெரிஞ்சுடும் தம்பி. என் சொட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அந்த வார்த்தையைச் சொல்லி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. கொக்கியை மாற்றிய செல்களிலிருந்து சொட்டு அக்கா பதினோரு முறை ஸ்லைடு தயாரித்தார். ஒவ்வொரு முறையும் ஐம்பது செல் வீதம் இருவரும் உட்கார்ந்து எண்ணினார்கள். பதினோரு முறையும் குரோமோசோம்கள் கல்யாண ஃபோட்டோவுக்கு நின்ற மாதிரி நிமிர்ந்து, நேராக, ஒரு மடிப்புக் கலையாமல் இருந்தன. மாற்றாத செல்லையும் மாற்றிய செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அக்காவாலேயே வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் மேடம் வந்தார். மூன்றாவது மாடி முழுவதும் அவருடைய பொறுப்பு. பதினோராவது ஸ்லைடைக் குனிந்து பார்த்தார்.

"அடேயப்பா, எவ்வளவு அழகு! என்ன கைம்மா உனக்கு" என்று சொட்டு அக்காவைப் பாராட்டினார். அக்காவின் உச்சி குளிர்ந்தது. அடுத்த நொடி மேடம் கட்டத்தின் பக்கம் திரும்பினார். "இவ்வளவு சுத்தமா இருக்குன்னா உங்க கொக்கி ஒண்ணும் பண்ணலைன்னு அர்த்தம். ரெண்டு வருஷம் ஆச்சு. வர்ற வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதை மூடிடலாம். வேற ஒருத்தர் பாதியில விட்டுட்டுப் போன வேலை இருக்கு, அதை எடுத்துக்கோங்க."

கட்டம் "சரி மேடம்" என்றார். அவர் போன பிறகு தன்னுடைய குறிப்பு நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மூன்று நோட்டு. அடுக்கியதைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினார்.

"தம்பி, ஏதாவது பேசுங்க. நோட்டை இப்படி அடுக்கிக்கிட்டே இருக்காதீங்க" என்றார் அக்கா.

"என்ன பேசறதுக்கா? கொக்கி செல்லுக்குள்ள இருக்கு. பச்சையா ஒளிர்ற மாதிரி அடையாளம் போட்டிருக்கேன், பிரியாத செல்லுல சவ்வு ஓரமா அழகா வளையம் மாதிரி தெரியுது. எல்லாம் சரியா இருக்கு, என் யோசனை ஒண்ணுதான் தப்பு. குழந்தை பொறந்தப்ப லீவு போட்டேன்ல, அப்பவே இதை விட்டிருக்கலாம்."

சொட்டு அக்கா அன்று மாலை பதினோராவது ஸ்லைடை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஒரு மனிதரின் இரண்டு வருடம் தன் கையிலிருந்து விழுந்த சொட்டால் மூடப்படுகிறது. அந்தச் சொட்டில் குறை ஒன்றும் இல்லையே என்றுதான் அவரால் மறுபடி மறுபடி நினைக்க முடிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்குக் கணவரின் ஃபோன் அலறியது. முந்தின நாள் அவர் காலி செய்து கொடுத்த வீட்டின் சொந்தக்காரர். அவர் கத்தியது அடுப்பருகே நின்ற அக்காவுக்குக்கூடக் கேட்டது. பெரிய அலமாரி இருந்த இடத்தில் சுவர்ப் பூச்சு ஒரு முழத்துக்குப் பெயர்ந்திருக்கிறதாம்.

"சார், சார், கொஞ்சம் மூச்சு விடுங்க" என்றார் கணவர். "என் பசங்க அப்படிப்பட்டவங்க இல்லை. சுவத்துல நாலு இடத்துல மாட்டியிருந்துச்சு, நாலையும் கழட்டிட்டுத்தான் நகர்த்தியிருப்பாங்க. இழுத்துப் பிடுங்கியிருந்தா அலமாரி முதுகுல சிமென்ட் ஒட்டியிருக்கணும்ல? புது வீட்டுல இறக்கினப்ப நானே பின்னாடி போய்ப் பார்த்தேன். பளபளன்னு இருந்துச்சு. ஒரு பொட்டு சிமென்ட் இல்லை. சத்தியமா!"

மேஜையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். பத்தாவது படிப்பவள். வாய் பன்னிரண்டாவது.

"அப்பா, நீங்க எப்ப பார்த்தீங்க? அவங்க துடைக்கறதுக்கு முன்னாடியா, துடைச்சதுக்கு அப்புறமா?"

கணவர் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டார். "என்னடி?"

"இறக்குறதுக்கு முன்னாடி எல்லாச் சாமானையும் துடைச்சு, வளைஞ்சதை நிமித்தி, பாலிஷ் போட்டுத்தான் உள்ள கொண்டு போகணும்னு நீங்கதானே ரூல் வச்சீங்க? துடைச்ச அலமாரியைப் பார்த்துட்டு சிமென்ட் இல்லைன்னு சத்தியம் பண்றீங்க."

பொத்திய ஃபோனுக்குள் வீட்டுச் சொந்தக்காரர் "ஹலோ, ஹலோ" என்றார். கணவர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, "சார், ஒரு மணி நேரத்துல பூச்சுக் கலவையோட வர்றேன். நானே பூசிடறேன்" என்றார்.

சொட்டு அக்கா முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வாணலி புகைந்தது.

"அம்மா, முட்டையை உடைக்கப் போறீங்களா, அடைகாக்கப் போறீங்களா?"

"மூணு தடவை" என்றார் அக்கா.

"என்ன மூணு தடவை?"

"மெத்தனால்ல மூணு தடவை கழுவறேன்டி. சவ்வு கொழுப்பால ஆனது. மெத்தனால்ல அது எப்படி நிக்கும்? அதுக்கு முன்னாடி தண்ணியில ஊறப்போட்டு உப்ப வேற வைக்கிறேன். அமிலம் பட்டா பச்சை வெளிச்சமும் அணைஞ்சுடும். அவர் தேடுற சவ்வைப் பதினோரு தடவை நானே கழுவி ஊத்தியிருக்கேன். வளைஞ்சதை நிமித்தி, துடைச்சு, பாலிஷ் போட்டுக் குடுத்திருக்கேன்!"

மகளுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் அடுப்பை அணைத்தாள்.

திங்கட்கிழமை காலை சொட்டு அக்கா கைப்பையைக்கூட வைக்காமல் கட்டத்தின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சைத் தள்ளி வைத்தார். அலமாரிக் கதையிலிருந்தே ஆரம்பித்தார். கட்டத்தின் பாதி மூடியிருந்த கண் மெல்ல மெல்ல முழுசாகத் திறந்தது.

"அக்கா" என்றார். மறுபடி, "அக்கா!" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. "இங்க எல்லாரும் குரோமோசோம் எண்ணுறவங்கதான். எண்ணுறதுக்கு உங்க முறைதான் சரி. வருஷக்கணக்கா எல்லாரும் அதைத்தான் பண்றோம். சவ்வைப் பார்க்கணும்னு கிளம்பின நானும் அதையே பண்ணியிருக்கேனே! படிச்ச முட்டாள்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கலாம்."

"ஒட்டிக்கறதை அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப என்ன பண்ணணும்?"

"ஊறப்போடாம, உப்ப வைக்காம, சொட்டு விடாம, செல் தட்டுல எப்படி உட்கார்ந்திருக்கோ அப்படியே ஃபார்மலின்ல உறைய வைக்கணும். மருந்து குடுத்து நிறுத்தவும் கூடாது. அது பாட்டுக்குப் பிரியறதைப் பார்க்கணும். தரைத்தளத்துல இருக்கிற பெரிய மைக்ரோஸ்கோப் வேணும். அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே இடம் பிடிக்கணுமேக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள எங்க கிடைக்கும்?"

இடம் எங்கே கிடைக்கும் என்று சொட்டு அக்காவுக்குத் தெரியும். புதன்கிழமை காலை இரண்டு மணி நேரம் மேடம் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார். சொட்டு அக்காவின் சிறந்த ஸ்லைடைப் பெரிதாகப் படம் எடுத்து, நிறுவனத்தின் ஆண்டு மலருக்கு அட்டைப்படமாகப் போடத்தான் அந்த நேரம். அட்டையின் உள்பக்கம் அவருடைய பெயரும் வரும். கண்ணாடி கழுவ வந்த ஒருவரின் பெயர் அந்த மலரில் அச்சாவது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும். வீட்டில் மகள் அதை ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அக்கா நேரே போய் மேடத்தின் அறைக் கதவைத் தட்டினார்.

"மேடம், அந்தப் பதினோரு ஸ்லைடையும் நம்பித் தம்பியோட வேலையை மூடாதீங்க. என் கைதான் அதைக் கெடுத்துச்சு." மெத்தனால், அமிலம், உப்புதல் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினார். "புதன்கிழமை நேரத்தை அவருக்குக் குடுத்துடுங்க. அட்டைப்படம் வேண்டாம்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அச்சுக்கு வியாழக்கிழமை போகுது. இந்த வருஷம் போனா போனதுதான், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"அங்கேயும் ஒண்ணும் தெரியலைன்னா?"

"அப்ப கொக்கி மேல தப்புன்னு மூடுங்க. என் கை மேல இருக்கிற தப்புக்கு மூடாதீங்க."

மேடம் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். "நானும்தான் பார்த்து அழகு அழகுன்னு சொன்னேன்" என்று முணுமுணுத்துவிட்டு, அதில் புதன்கிழமை நேரத்துக்கு எதிரே இருந்த பெயரை மாற்றினார்.

செவ்வாய்க்கிழமை தட்டுகளை உறைய வைக்க வேண்டும். அடியில் மெல்லிய கண்ணாடி வில்லை போட்டு, அதன்மேல் செல் வளர்த்த தட்டுகள். கொக்கியை மாற்றியது மூன்று, மாற்றாதது மூன்று. செய்ய வேண்டியது இதுதான்: பழைய திரவத்தை மெதுவாக எடுத்துவிட்டு ஃபார்மலினை மெதுவாக ஊற்ற வேண்டும். பள்ளிப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

சொட்டு அக்கா முதல் தட்டை எடுத்தார். இடது கையில் ஏந்தினார். மூடியைத் திறந்தார். தட், தட். இருபத்து நான்கு வருடப் பழக்கம். விளிம்பை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரவத்தைச் சாய்த்து ஊற்றிவிட்டார்.

கட்டம் "ஐயோ" என்று அலறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உருண்டு திரண்டு பிரிந்துகொண்டிருந்த செல்கள் அத்தனையும் உதிர்ந்து, பழைய திரவத்தோடு கழிவுக் குடுவைக்குள் போய்விட்டன. தட்டில் மிஞ்சியவை பிரியும் எண்ணமே இல்லாத சோம்பேறிச் செல்கள்.

"பாவி கை, பாவி கை" என்று சொட்டு அக்கா வலது கையாலேயே இடது கையை அடித்தார்.

"எந்தக் கையைத் திட்டறீங்கக்கா? ரெண்டும் கூட்டுக் களவாணிங்கதானே" என்றார் கட்டம். "நீங்க இப்படி வந்து உட்காருங்க. கை ரெண்டையும் தொடைக்குக் கீழ வச்சுக்கோங்க. நான் ஊத்தறேன்."

"உங்களுக்குத் தூக்கம் வருதே தம்பி."

"தூங்கற குழந்தையைத் தொட்டில்ல கிடத்துற மாதிரி ஊத்தணும். ஆறு மாசமா அந்தப் பயிற்சி மட்டும்தான் எனக்கு நடக்குது."

அவர் சொன்னது பொய்யில்லை. குழாய் நுனியைத் தட்டின் சுவரில் சாய்த்து, சத்தமே இல்லாமல் ஊற்றினார். சொட்டு அக்கா தன் கைகளின்மேல் உட்கார்ந்துகொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி, "மெதுவா, இன்னும் மெதுவா, அந்தப் பக்கம் சாயுது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்து தட்டுகளும் பிழைத்தன.

புதன்கிழமை காலை தரைத்தளத்து இருட்டறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். குரோமோசோமுக்கு நீல நிறம், கொக்கிக்குப் பச்சை. முதலில் கொக்கியை மாற்றாத செல். பிரிவின் நடுக்கட்டத்தில் இருந்த ஒன்றைத் தேடிப் பிடித்தார் கட்டம். நீலக் குரோமோசோம்கள் செல்லின் நடுவே ஒரே கோட்டில் வரிசையாக நின்றன. பச்சை எல்லாம் தள்ளிப்போய்ச் செல்லின் ஓரத்தில் வலை மாதிரிப் பரவியிருந்தது. நடுவே துளிப் பச்சை கிடையாது.

"சரியா விட்டுட்டுப் போயிருக்கு" என்றார் அக்கா. "அடுத்ததைப் போடுங்க."

மாற்றிய கொக்கி இருந்த தட்டு. கட்டம் திருகைத் திருப்பத் திருப்பத் திரையில் படம் தெளிந்து வந்தது.

வரிசை கோணலாக இருந்தது. குரோமோசோம்களின் மேலும் இடுக்கிலும் பச்சைச் சவ்வு நார் நாராக ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஒட்டிய இடமெல்லாம் குரோமோசோமின் கை பருத்து மடங்கிக் கிடந்தது. இரண்டு குரோமோசோம்கள் ஒரே பச்சைப் போர்வைக்குள் சுருண்டு, வரிசைக்கே வராமல் ஓரத்தில் ஒதுங்கியிருந்தன.

"சுவரோட சேர்த்துப் பிடுங்கின அலமாரி" என்றார் சொட்டு அக்கா, மெல்லிய குரலில்.

"ஒரு செல்லுதான்க்கா இது. ஆசைப்படக் கூடாது. எண்ணணும்" என்றார் கட்டம். ஆனால் அவர் குரல் ஏற்கெனவே ஆசைப்பட்டுவிட்டது. இரண்டு மணி நேரத்தில் அறுபது செல்களைப் படம் எடுத்தார்கள். மாற்றிய கொக்கி இருந்த முப்பதில் இருபத்து மூன்று அப்படித்தான் சிக்கிக் கிடந்தன. மாற்றாத முப்பதில் இரண்டே இரண்டுதான் கோணல். நேரம் முடிந்து அடுத்தவர் கதவைத் தட்டியபோது, கட்டம் எழுந்து அவருக்குக் கைகுலுக்கி வணக்கமும் வைத்தார். அவர் யார் என்று இருவருக்குமே தெரியாது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். டெக்னீஷியன்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடும் வழக்கம் இல்லை. மேடம் கூப்பிட்டிருந்தார். சொட்டு அக்கா கதவோரம் இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். படங்களைக் காட்டி முடித்ததும், மேல் மாடியிலிருந்து வந்திருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"படம் நல்லா இருக்கு. ஆனா சவ்வு இழுக்கறதாலதான் உருவம் கெட்டதுன்னு எப்படிச் சொல்றீங்க? கொக்கியை மாத்தினதுல குரோமோசோமே உள்ளுக்குள்ள கெட்டுப் போயிருக்கலாமே. சவ்வை எடுத்துட்டாலும் அது அப்படியே கோணலாத்தான் இருக்கும்னா என்ன பண்ணுவீங்க? சவ்வை எடுத்துட்டுப் பார்த்தீங்களா?"

கட்டம் படங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். இரண்டு நாளில் அதை எங்கே செய்வது?

"பார்த்தோம் சார்" என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

பன்னிரண்டு தலைகளும் திரும்பின. சொட்டு அக்கா எழுந்து நின்றிருந்தார். எழுந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஒன்பது மாசமா அதை மட்டும்தான் சார் பார்த்தோம். பதினோரு தடவை. அதே செல்லு, அதே மாத்தின கொக்கி. தெரியாமத்தான், மெத்தனால் போட்டுச் சவ்வைச் சுத்தமா கழுவிட்டேன். கழுவினதும் குரோமோசோம் நிமிர்ந்துக்குச்சு. ஐந்நூத்தி ஐம்பது செல்லு எண்ணியிருக்கோம், ஒண்ணுகூடக் கோணல் இல்லை. அலமாரி நல்லாத்தான் சார் இருக்கு. சுவர்தான் அதைப் பிடிச்சு இழுக்குது."

கடைசி வரி பேராசிரியருக்கு விளங்கியிருக்காது. ஆனால் எண்ணிக்கை விளங்கியது. கட்டம் பாய்ந்து போய் மூன்று நோட்டுகளையும் எடுத்து வந்து பிரித்தார். சனிக்கிழமையன்று தோல்வி என்று அடுக்கி வைத்த பக்கங்கள் மேஜையில் கைமாறிப் போயின. பேராசிரியர் நிதானமாக நான்கு பக்கம் படித்தார்.

"ஊற வச்சு உப்பினதும் அதை நிமிர்த்தியிருக்கலாம். அதைத் தனியாப் பிரிச்சுப் பார்க்கணும்" என்றார். "ஆனா இது மூடுற வேலை இல்லை. இப்பதான் ஆரம்பிக்குது."

மேடம் தன் தாளில் எதையோ அடித்துவிட்டு, "இன்னும் ரெண்டு வருஷம் நடக்கட்டும்" என்று எழுதினார். பிறகு கட்டத்திடம், "கட்டுரை எழுதும்போது ஸ்லைடு பண்ணவங்க பேரை அடியில நன்றின்னு சின்ன எழுத்துல போட்டு முடிச்சுடாதீங்க. மேல, உங்க பேருக்குப் பக்கத்துல போடுங்க" என்றார்.

கட்டம் திரும்பிப் பார்த்தார். "அக்கா, உங்க முழுப் பேரு என்ன? ரெண்டு வருஷமா பக்கத்துல உட்கார்ந்திருக்கேன், எனக்குத் தெரியாதே!"

கூட்டமே சிரித்தது. சொட்டு அக்கா மட்டும், பள்ளியில் வருகைப் பதிவுக்கு எழுந்து நிற்பவர் போல, நேராக நின்று தன் முழுப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

அந்தக் கட்டுரை இன்னும் எழுதி முடியவில்லை. உப்புவதால் நிமிர்கிறதா, சவ்வு போவதால் நிமிர்கிறதா என்று இருவரும் இப்போது பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு நான்கு விதமாகக் கழுவ வேண்டியிருக்கிறது. நான்கையும் செய்வது சொட்டு அக்காதான். எந்தத் தட்டைத் தட்டலாம், எதைத் தட்டக் கூடாது என்று மூடியில் சிவப்பு மையில் எழுதி வைத்துக்கொள்கிறார்.

அது அச்சில் வரும்வரை இந்தக் கதை காத்திருக்க வேண்டியதில்லை. படித்தவர்கள் இதை இன்னொருவருக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, ஏதாவது ஒரு சோதனைக்கூடத்தில் பெயர் அச்சாகாமல் தட்டு கழுவிக்கொண்டிருப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், முதலில் அவருக்குச் சொல்லுங்கள்.